செல்லையா அண்ணன் டாக்சியில வெடிச்ச பை

டாக்சி ஓட்டுறவனுக்கு ரோட்டுல கெடக்குற பள்ளம் ஒரு கஷ்டமே இல்ல, பின்சீட்டுல உக்காந்து பேசுற வாயிதான் கஷ்டம். லாரி ஓட்டுற அண்ணமாரே, ஜீப்பு ஓட்டுற தம்பிமாரே, கடையத் தொறந்து வச்சுக்கிட்டு சனத்துக்கு முன்னால பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறவுகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எண்பதுகள்ல போடி ஸ்டாண்டுல நான் வண்டி ஓட்டுனப்ப, எங்க செல்லையா அண்ணன் டாக்சியில குண்டு வெடிச்சுச்சு. டாக்சியில வெடிச்சது ஒரே தடவ. சனத்தோட வாயில அது வருசம் பூராம் வெடிச்சுச்சு. எனக்கு அடுத்தவுக மாதிரிப் பேசிக் காட்டுற வியாதி ஒண்ணு இருக்கு. ஆரு ஆரு என்ன பேசுனாகளோ, அந்தக் குரல்லயே சொல்றேன், கேளுங்க.

கேக்கப்படாத கேள்வி

எங்க ஸ்டாண்டுல ஒரு கட்டு உண்டு. ஏறுற ஆளுகிட்ட பையில என்னன்னு கேக்கப்படாது. ஏலக்கா ஊருல்ல இது? ஒருத்தரு பையில சாம்பிள் காயி இருக்கும். எந்தத் தோட்டத்துக் காயின்னு தெரிஞ்சா ஏலத்துல போட்டிக்காரன் உசாராயிருவான். இன்னொருத்தரு பையில கணக்குல வராத காயி இருக்கும். வாயத் தொறந்து கேட்டா, "என்னைய என்ன திருடன்னு நெனச்சயா"ன்னு எறங்கி அடுத்த வண்டியில ஏறிருவாக. அதனால பையத் தூக்குவோம், வைப்போம், வாயத் தொறக்க மாட்டோம்.

அன்னிக்குக் காலையில வெள்ளை வேட்டி கட்டுன ஒருத்தரு மலைக்குப் போகணும்னு செல்லையா அண்ணன் வண்டியில ஏறுனாரு. கையில சாக்குப்பை. டிக்கியில அவரே பதனமா வச்சாரு. முந்தல்ங்கிற ஊருல, மலை ஏத்தத்துக்கு முன்னாடி, டீக்கடையில வண்டி நின்னுச்சு. அவரு டீ குடிக்கப் போனாரு. ஏத்தத்துக்கு முந்தி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறது எங்க வழக்கம். தண்ணி டப்பா டிக்கியில இருந்துச்சு, சாக்குப்பை அது மேல சாஞ்சு கெடந்துச்சு. அண்ணன் பைய நகட்டுனாரு. அம்புட்டுத்தான்.

வலது கையி மணிக்கட்டோட போச்சு. ஒரு காது அடச்சுப்போச்சு. புகை அடங்குன பிறகு பாத்தா, பெஞ்சு மேல டீ கிளாசு இருக்கு, குடிச்ச ஆளக் காணோம். ஆசுபத்திரிக்குப் போலீசு வந்து, ஏறுன ஆளு பேரென்ன, பையில என்ன இருந்துச்சுன்னு கேட்டாக. கட்டு போட்ட கையோட அண்ணன் எங்க ஸ்டாண்டுக் கட்டச் சொன்னாரு. எழுதிக்கிட்டு இருந்த ஏட்டு நிமுந்து பாத்துச் சொன்னது இது: "கேக்காமயே ஏத்துனயா? அப்பப் பையி உன்னோடதுதாண்டா!"

மதுரையில கேட்ட சத்தம்

பொழுது சாயுறதுக்குள்ள ஸ்டாண்டுக்கு எதுத்த டீக்கடையில விசாரணையே முடிஞ்சுபோச்சு. ஒருத்தரு, முந்தல்ல ரோடே ரெண்டாப் பொளந்திருச்சுன்னாரு. நான் அந்த ரோட்டுலதான் அப்பத்தான் வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டியிருந்தேன். இன்னொருத்தரு, செல்லையா வீட்டுப் பொறவாசல்ல குண்டு காயப் போட்டிருந்ததத் தன் கண்ணால பாத்தேன்னாரு. வத்தல் காயப் போடுற மாதிரி!

எல்லாத்துக்கும் மேல ஒரு பலசரக்குக் கடைக்காரரு. சத்தத்துல தன் நெஞ்சே அதிந்துபோச்சுன்னு கையால தட்டித் தட்டிக் காட்டுனாரு. "அண்ணே, நீங்க காலையில சரக்கெடுக்க மதுரைக்குல்ல போயிருந்தீக?"ன்னேன். மனுசன் அசரலையே. டீய ஒரு உறிஞ்சு உறிஞ்சுட்டுச் சொன்னாரு: "மதுரையிலயே கேட்டுச்சுன்னா, குண்டு எம்புட்டுப் பெருசுன்னு நீயே பாத்துக்க மாப்ளே."

மேல ஒரு குண்டு, கீழ ஒரு குண்டு

மறுவாரம் ஒரு ஏலக்கா யாவாரிய மலை மேட்டுக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். வழி பூராம் பொலம்புனாரு. கேரளாக்காரன்தான் வச்சானாம். நம்ம லோடு எறங்காம நின்னா அவன் காய்க்கு வெலை ஏறுமாம். திரும்பி வர்றப்ப, பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுல சோலி பாக்குற ஒரு மலையாளத்துக்காரரு ஏறுனாரு. அவரு கணக்கும் அதே கணக்குத்தான். லோடு, வெலை, ஏத்தம், எல்லாம் ஒண்ணு. வச்ச ஆளு மட்டும் மாறிப்போச்சு. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே, "சேட்டா, அங்கிட்டு இருந்துதான் வந்துச்சுன்னு எங்க ஊருல பேசிக்கிறாக"ன்னேன். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிச் சொன்னாரு: "ஞங்களோ? ஞங்கள் பாவங்கள், சேட்டா. ஒரு பட்டாசு கூட வாங்கில்லா!"

கேட்டுப் பாத்தேன்

இப்பிடியே விட்டா நம்ம கையும் போயிரும்னு, ஒரு நா கட்ட மீறி ஒரு பெரிய யாவாரிகிட்ட, "மொதலாளி, பையில என்ன?"ன்னு கேட்டுப்புட்டேன். பைய நெஞ்சோட அணச்சுக்கிட்டாரு, புள்ளையப் பிடிக்கிற மாதிரி. பெறகு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டுச் சொன்னாரு: "காயின்னு சொன்னா ஊரு பூராம் போயி ஊதுவ. குண்டுன்னே வச்சுக்கிட்டு வண்டிய எடு!"

மொத ரவுண்டு

தேவாரத்துல ஒரு காதுகுத்து. குடும்பமே பட்டுச்சேலையில வந்து நின்னுச்சு. டிக்கியத் தொறக்கச் சொன்னாக, தொறந்தேன். சீட்டத் தூக்கச் சொன்னாக, தூக்குனேன். அந்த வீட்டு மருமகன் தரையில படுத்து வண்டிக்கு அடியில பாத்தாரு. எல்லாம் பாத்தும் பெரியம்மாவுக்கு மனசு ஒப்பல. "நீ மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வா அப்பு, வெடிக்கலன்னா நாங்க ஏறுறோம்"னாக.

சிரிக்காதீக. வயித்துப் பொழப்புக்கு நானும் போனேன். பஸ்டாண்டச் சுத்தி, காலி வண்டிய வெறுமனே ஓட்டிக்கிட்டு, பொணத்தப் பாக்குற மாதிரிச் சனம் என்னையப் பாக்கப் பாக்கப் போயி வந்து நின்னேன். பெரியம்மா கிட்ட வந்து வண்டிய மோந்து பாத்துட்டுச் சொன்னாக: "வந்துட்ட, சரி. ஆனா ரெண்டாவது ரவுண்டுலதான் வெடிக்குமாமே அப்பு?"

ராசிங்காபுரம் சவாரி

போலீசு செல்லையா அண்ணன ஆசுபத்திரியில இருந்து ஸ்டேசனுக்கு, ஸ்டேசன்ல இருந்து வீட்டுக்குன்னு அலைய விட்டுச்சு. அதக்கூட அவரு பொறுத்துக்கிட்டாரு. மக பாண்டியம்மாவுக்கு ராசிங்காபுரத்துல பேசி, பூ வச்சிட்டுப் போயிருந்தாக. அங்கிட்டு இருந்து ஒரு பேச்சும் வரலங்கிறதுதான் அவரத் தின்னுச்சு.

அந்தச் சமயம் பாத்து, ஒரு அம்மா தம்பியோட வந்து ராசிங்காபுரத்துக்கு என் வண்டியில ஏறுனாக. கொஞ்ச தூரத்துலயே பேச்சுல தெரிஞ்சுபோச்சு, மாப்ளையோட ஆத்தா இவுகதான்னு. நான் செல்லையாவுக்குத் தம்பி மாதிரின்னு அவுகளுக்குத் தெரியாது. பூவத் திருப்பி அனுப்புறதப் பத்தித்தான் பேச்சு. எனக்குப் பொறுக்கல. "ஆத்தா, அந்த மனுசன் கையே போயிருச்சே, பாவமில்லையா?"ன்னேன். மூக்கச் சிந்திக்கிட்டே சொன்னாக: "கையி போனா என்னப்பா, கட்டிருவோம். பேருல்ல போயிருச்சு! அவரு குண்டு வைக்கலன்னு ஒரு மனுசன் எங்க வீட்டு முத்தத்துல வந்து சொல்லட்டும், மறு முகூர்த்தத்துல தாலி கட்டிர்றோம்."

பதனமா போப்பா

அந்த ஒரு மனுசன எங்க போயித் தேட? தேட வேணாம், அவராவே வந்தாரு. கடலைக்காட்டுல காயி பிடிக்கிற சமயம். வெள்ளை வேட்டி, சாக்குப்பை. தேவாரம் போகணும்னாரு. டிக்கியத் தொறந்தேன். "டிக்கி வேணாம்ப்பா, மடியிலயே வச்சுக்கிறேன். தண்ணி டப்பா எடுக்கிறேன்னு நீயும் நகட்டித் தொலைப்ப"ன்னாரு.

ஊருல அம்புட்டுக் கதை சுத்துச்சே, ஒரு கதையிலயும் தண்ணி டப்பா கெடையாது. அது அண்ணன் எங்கிட்டயும் போலீசுலயும் மட்டும் சொன்னது. வேற ஆருக்குத் தெரியும்? பெஞ்சுல டீ கிளாச வச்சிட்டு ஓடுன ஆளுக்குத் தெரியும். ஊர் தாண்டுனதும் ஒரு பள்ளத்துல வண்டிய விட்டு ஏத்துனேன். "ஏ, மெதுவா!"ன்னாரு. இன்னொரு பள்ளம். "ஐயோ, பன்னிவெடிப்பா, பன்னிவெடி!"ன்னு அலறுனாரு. காட்டுப்பன்னி கடிச்சா வெடிக்கிற உருண்டை. தேவாரத்துல கடலைக்காட்டுக்கும், மலையில ஏலத்தோட்டத்துக்கும் இவரு இதத்தான் சொமந்துக்கிட்டு அலையிறாரு. என் உசுரும் அந்தப் பையிலதான் இருக்குன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல, பாத்துக்கங்க.

"செல்லையாவோட கைய எடுத்துட்டு ஓடுனது நீங்கதான? ராசிங்காபுரத்துல ஒரு வீட்டுல வந்து சொல்றீகளா, இல்ல தேவாரம் வரைக்கும் பள்ளம் பள்ளமாப் பாத்து ஓட்டவா?"ன்னேன். சொல்றேன் சொல்றேன்னு கும்பிட்டாரு, ஒத்தக் கையால. மறு கையி பையில. "இத ஏன்யா பஸ்சுல கொண்டு போகல?"ன்னேன். அழுகிற மாதிரிச் சொன்னாரு: "பஸ்சுல கண்டக்டரு தூக்கி எறிவானப்பா. உங்கள மாதிரிப் பதனமா ஓட்டுறவுகள நம்பித்தான டாக்சி பிடிச்சேன்!"

முத்தத்துல பழம்

மாப்ளை வீட்டு முத்தத்துல கட்டில் போட்டு உக்கார வச்சாக. மனுசனுக்குப் பைய எங்க வைக்கிறதுன்னு தெரியல, மடியிலயே வச்சிருந்தாரு. மாப்ளையோட ஆத்தா பாத்துட்டு, "பழமெல்லாம் எதுக்கு வாங்கிக்கிட்டு? இங்கிட்டுக் கொண்டாங்க"ன்னு கைய நீட்டிக்கிட்டு வந்துட்டாக. நானும் அவரும் போட்ட சத்தம் மதுரைக்குக் கேட்டிருக்கும்.

பெறகு அவரு எல்லாத்தையும் சொன்னாரு. பையி தன்னோடதுன்னாரு, செல்லையா ஒண்ணுமறியாத மனுசன்னாரு, பயத்துல ஓடிட்டேன்னாரு. நடுவுல, தனக்குத் தேவாரத்துல இருக்குற காடு, மலையில இருக்குற ஏலத்தோட்டம், எல்லாத்தையும் சேத்துத்தான் சொன்னாரு. ஆத்தா முந்தானையில கண்ணத் தொடச்சாக. எனக்குச் சந்தோசம் தாங்கல. "பேரு வந்திருச்சுல்ல ஆத்தா, முகூர்த்தம் பாக்கலாமா?"ன்னேன். "பேரு வந்துச்சுப்பா, கையி வருமா? கையில்லாதவன் எதப் போட்டுச் சீர் செய்வான்?"னு என்னைய ஒரு தட்டுத் தட்டிட்டு, கட்டில் பக்கம் திரும்பி, குரலத் தேன்ல முக்கிக் கேட்டாக: "ஏங்கய்யா, உங்களுக்குக் கட்டிக்குடுக்கிற வயசுல பொண்ணு இருக்கா?"

அடச்ச காது

அவர அப்பிடியே ஸ்டேசனுக்கும் கூட்டிட்டுப் போனேன். பைய ஊருக்கு வெளிய ஒரு கெணத்துமேட்டுல பதனமா எறக்கி வச்சிட்டுத்தான். பன்னிக்கு வச்சதுன்னு சொன்னதும், தோட்டத்துக்காரருக்கு நாற்காலி போட்டாக. அன்னிக்கு "பையி உன்னோடதுதாண்டா"ன்ன அதே ஏட்டு, அவருக்கு டீ சொன்னாரு. செல்லையா அண்ணன் மேல இருந்த கேசு போச்சு. டீக்கடையில ஒடனே புதுசா ஒண்ணு கெளம்புச்சு, "விட்டுட்டாகளாம்ல? அப்பப் பெரிய எடத்துக் குண்டுதான்"னு.

பூவு திரும்பி வந்துருச்சு. பாண்டியம்மா அத வாங்கி எருக்குழியில போட்டுட்டு, பருத்தி மில்லுக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. அண்ணன, ஸ்டாண்டுல வண்டிக்கு முறை சொல்ற ஆளா நாங்க உக்கார வச்சோம். வந்த மொத நா, ஸ்டூலத் தூக்கி அங்கிட்டு வச்சுப் பாத்தாரு, இங்கிட்டு வச்சுப் பாத்தாரு. "என்னண்ணே, நெழலு தேடுறீகளா?"ன்னேன். ஒரு எடத்துல உக்காந்துக்கிட்டு, மொத்த மொகத்தாலயும் சிரிச்சுச் சொன்னாரு: "அடச்ச காத டீக்கடைப் பக்கம் வச்சுக்கிட்டேன் தம்பி. இப்ப இது ரொம்ப நல்ல ஊரு."

பன்னி ஒரே கடியில முடிச்சிட்டுப் போற வெடிய, எங்க ஊருச் சனம் பல்லு போன பிறகும் மென்னுக்கிட்டுத்தான் இருக்கு.