மாமனாரின் காது மெஷின்

நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்பதால் இதைச் சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கிற திறமை இருந்திருந்தால் என் ஜோக்குகளாவது உருப்பட்டிருக்கும்.

அந்த ஜோக்குகளுக்கு இருந்த ஒரே ரசிகர் என் மாமனார். காது மந்தம். இரண்டு வருடம் முன்பு நான்தான் அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் மெஷினுக்குள் ஒரு செல்லைப் போட்டு, உள்ளங்கையை அதன் கிட்டே கொண்டுபோனாள். 'கீ...' என்று விசிலடித்தது. "கையோ காதோ ரொம்பக் கிட்ட வந்தா இப்படிக் கத்தும் சார். சும்மா மேசையில கிடந்தா கத்தாது" என்றாள்.

சட்டைப் பொத்தானைவிடச் சின்ன செல் அது. முதுகில் ஒரு ஸ்டிக்கர். அதைப் பிரித்தால்தான் உள்ளே காற்று போய் செல்லுக்கு முழு உயிர் வரும். வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். டிவி ரிமோட்டுக்குக்கூட மல்டிமீட்டரின் கம்பி வைத்து வோல்ட் பார்க்காமல் நான் செல் போட்டதில்லை. இதை விடுவேனா? சனிக்கிழமைதோறும் ஸ்டிக்கரோடு ஒருமுறை சோதித்து மாமனார் கையில் கொடுப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மாற்றிக்கொள்வார். பிறகு நான் ஜோக் சொல்வேன். தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

என் வேலை போனதையும் முதலில் அவரிடம்தான் சொன்னேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. அதற்கும் தொடையைத் தட்டிச் சிரித்தார். 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தைரியம் கொடுக்கிறார் என எடுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மறுநாள் வேலை தேடவே கிளம்பினேன். ஒரு மாதத்தில் கிடைத்தும் விட்டது.

அவர் இறந்த பிறகு அவருடைய அலமாரியை ஒழித்தேன். ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நான் கொடுத்த செல்கள். அத்தனையும். ஒன்றில்கூட ஸ்டிக்கர் பிரியவில்லை.

மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும் மாப்பிள்ளை."

"ஏன் போட்டுக்கல?"

"எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குது. உங்க ஜோக்கைக் கேட்டு நான் படுற பாட்டைத் தினம் பார்த்தவர் எப்படிப் போட்டுப்பார்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லையெல்லாம் சோதித்தவன் ஆளைச் சோதிக்காமல் விட்டுவிட்டேன். அன்று முதல் வேலை முடிந்து வந்ததும் அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, காலி நாற்காலியைத் திட்ட ஆரம்பித்தேன். "வேலை போச்சுன்னு சொன்னேன், சிரிச்சீங்களே. நீங்களும் ஒரு மனுஷனா?" சாப்பிடக் கூப்பிடும்வரை நடக்கும். மூன்று வாரம் நடந்தது.

அப்புறம் அதுவும் அலுத்தது. மெஷினையும் செல்களையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அவர் மேசையில் உட்கார்ந்தேன். அன்று திட்டவில்லை. மணி 6:40.

ஒரு செல்லின் ஸ்டிக்கரைப் பிரித்தேன். கம்பிகளை வைத்தேன். மீட்டரில் 1.20... 1.31... 1.38 வோல்ட். காற்று உள்ளே போகிறது. சரிதான்.

பிறகு இறங்கியது. 1.31... 1.20.

மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி... நிதானமாக.

கை நடுங்குகிறது போல என்று கம்பிகளை எடுத்துவிட்டேன்.

எண்கள் நிற்கவில்லை. 1.31... 1.38...

"கீ..."

மேசையின் அந்தக் கோடியில் மெஷின். செல் போடும் மூடி திறந்தே இருந்தது. உள்ளே காலி. என் இரண்டு கையும் இங்கே.

"கீ... கீ..."

எதுவோ அதற்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தது.

"மாமா..." என்றேன்.

விசில் நின்றது. மீட்டரில் 0.00.

யாரோ நிமிர்ந்து உட்கார்ந்து... நான் மேலே பேசக் காத்திருப்பதுபோல இருந்தது.

ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் மெஷினைத் துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். கோளாறாக இருந்தால் நிம்மதி. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். ஆனா இது எப்பெப்ப ஓடிச்சுன்னு உள்ளயே பதிவாகும். வாங்கின அன்னைக்கு நான் போட்டுக் காட்டினதோட சரி. ரெண்டு வருஷமா ஓடவே இல்ல."

"தெரியும்மா."

"இப்ப மூணு வாரமாத்தான் தினமும் போட்டிருக்காங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம். சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சு." அவள் முகம் மலர்ந்தது. "யார் சார், உங்க மாமனாரா? ரொம்ப ஆசையாக் கேக்கறார் போல."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மூன்று வாரமும் நான் பேசிய பேச்சில், ஒரு ஜோக்குகூட இல்லை.