பாங்கொக்கில் ஒருவரும் “எங்கை?” என்று கேட்கவில்லை

1. லிப்ட் வாசல், காலை 6.40

அந்த நாளுக்கு என் டயறியில் முதல் வரி இது: “6.40. சின்னராசா அண்ணை லிப்ட் வாசலில். வெள்ளை வேட்டி, கையில் வெறும் பை. காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.”

இரண்டாம் வரி: “9.30. சின்னராசா அண்ணையைக் காணவில்லை.”

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பயண அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். முதல் பதினைந்து வருடமும் கவுண்டரில் இருந்து ரிக்கற் போட்டேன். அதன் பிறகுதான் குரூப்புகளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். இந்தக் கதையில் வருவது என் முதல் குரூப். பதினான்கு பக்ஸ். பக்ஸ் என்றால் எங்கள் தொழிலில் ஆள். பதினான்கு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. பாங்கொக்கில் ஐந்து நாள் நிற்கும் பயணம். மேலே எழுதியது ஐந்தாம் நாள். பகல் ஒரு மணிக்கு எயார்போட் பஸ் வரும்.

சின்னராசா அண்ணை நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவர், வயது அறுபத்து மூன்று. மனைவி ராசமணி அக்காவும் குரூப்பில் இருந்தார். அண்ணைக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. போன் அறையில் சார்ஜில் கிடந்தது. ஹோட்டல் கார்ட்டும் அதன் பக்கத்திலேயே கிடந்தது.

2. விதிகள் பதினொன்று

வெளிக்கிட முதல் எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பதினொரு விதிகளை வாசித்துக் காட்டியிருந்தேன். முக்கியமானவற்றைச் சொல்கிறேன், இன்றைக்கும் செல்லும்.

ஹோட்டலின் பெயர் அந்த ஊர் எழுத்தில் உள்ள கார்ட் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பாஸ்போட்டின் போட்டோகொப்பியைக் கொண்டு திரிய வேண்டும், பாஸ்போட் ஹோட்டல் பெட்டகத்தில் இருக்க வேண்டும். துக்துக் என்கிற ஓட்டோவில் ஏற முதல் கூலியைப் பேச வேண்டும். தெருவில் வந்து சிரிப்பவர் “இண்டைக்குக் கோயில் பூட்டு, நான் வேற இடம் காட்டுறன்” என்றால் நம்பக் கூடாது. கடைசியில் அவர் கொண்டுபோய் விடுவது இரத்தினக் கல்லு விற்கிற கடையில்.

இந்த விதியை மட்டும் உடுப்பிட்டி மாஸ்டர் அளவுக்கு மிஞ்சிப் பின்பற்றினார். அவரும் குரூப்பில் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இரண்டாம் நாள் ஒருவன் வந்து “ரெம்பிள் குளோஸ்” என்றதும், மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஏன் பூட்டு? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? பூட்டுத் திறப்பு ஆரிட்டை? ஐந்தாவது கேள்வியில் அவன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான்.

“பாத்தியளோ பிள்ளை, பொய்யெண்டா, கணக்கிலை மாதிரிச் செய்கை வழி கேட்டாப் பிடிபடும்!” என்று மாஸ்டர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆற்றுப் படகில் எழும்பி நிற்கக் கூடாது என்பது எட்டாம் விதி. நாலாம் நாள் பின்னேரம் அதைச் சின்னராசா அண்ணை மீறினார். நான் இழுத்து இருத்தினேன்.

ஒன்பதாம் விதி: தனியே வெளியே போனால், எங்கே போகிறோம் என்று யாருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாராவது வெளிக்கிடுவதைக் கண்டால் கேட்க வேண்டும். வாசித்தபோது எல்லோரும் “ஓம் ஓம்” என்று தலையாட்டினார்கள்.

3. விசாரணை

9.35க்கு எல்லோரையும் லொபியில் சேர்த்தேன். ஹெட் கவுண்ட் பதின்மூன்று.

“சின்னராசா அண்ணையை ஆர் கண்டது?”

ஏழு கைகள் உயர்ந்தன. எனக்கு உயிர் வந்தது.

“எங்கை போனவர்?”

ஏழு கைகளும் இறங்கின.

“மாஸ்டர், நீங்கள் கண்டனீங்களோ?”

“வாசலிலை கண்டனான். ‘தூரமோ?’ எண்டு கேட்டன். ‘இல்லை, கிட்டத்தான்’ எண்டார்.”

“எங்கை எண்டு கேக்கேல்லையோ?”

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “நல்ல கதை! ஒரு அலுவலாய் வெளிக்கிட்ட மனிசனை எங்கை எண்டு கேட்டு மறிக்கிறதே? போற காரியம் சரிவருமே?”

“திறப்பு ஆரிட்டை எண்டு கேக்கத் தெரிஞ்சுது!”

“அவன் எங்கடை ஆளே?”

ராசமணி அக்காவைப் பார்த்தேன். அவர் சொன்னார்: “முப்பத்தெட்டு வருசமா நான் கேட்டதில்லை, தங்கச்சி. இண்டைக்கு மட்டும் கேப்பனே?”

யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 6.40க்கு வெறும் பையோடு நின்றவரை நானும் பார்த்தேன். கேள்வி வாய்வரை வந்தது. என் அம்மாவும் நான் வெளிக்கிடும்போது கேட்டதில்லை. கேள்வியை விழுங்கிவிட்டு வணக்கம் சொன்னேன். ஒன்பதாம் விதியை எழுதியவள் நான்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கத்தவில்லை, அதுதான் கூடப் பயம்.

“பிள்ளை, பதினாலு பேரோடை போனனீர், பதினாலு பேரோடை வாரும். பதின்மூண்டு பேரோடை வந்தா நீர் பிறகு நீர்வேலிப் பக்கம் பஸ்ஸிலை கூடப் போகேலாது. நானும் போகேலாது. என்ரை மனிசி அந்த ஊர்.”

4. கிட்ட என்றால் எவ்வளவு

ஹோட்டல்காரர் பொலிஸுக்குச் சொன்னார்கள். நான் வரைபடத்தை விரித்தேன்.

“அக்கா, அண்ணைக்குக் கிட்ட எண்டா எவ்வளவு தூரம்?”

“கோப்பாய் கிட்ட. திருநெல்வேலிச் சந்தை கிட்ட. யாழ்ப்பாணம் ரவுணும் கிட்டத்தான், சைக்கிளிலை போட்டு வருவார்.”

“எதுதான் தூரம்?”

“கிளிநொச்சி.”

மாஸ்டர் ஹோட்டலைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டார். நீர்வேலியிலிருந்து ரவுண் வரை உள்ள தூரத்தை ஆரமாக எடுத்தார். வரைபடத்தின் பாதி அதற்குள் விழுந்தது. அந்த வட்டத்தைப் பார்த்த யாரோ “கிக்” என்று சிரித்துவிட்டார்கள். அது நானாகவும் இருக்கலாம். பிறகு ராசமணி அக்கா சிரித்தார், பிறகு லொபி முழுக்கச் சிரித்தது. பயத்தில் வருகிற சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நாலாம் நாள் பக்கத்தைப் புரட்டினேன். “5.15. படகு. ஆற்றங்கரைச் சந்தையில் லொறியிலிருந்து வாழைக்குலை இறக்கினார்கள். சி. அண்ணை எழும்பி நின்றார். இருத்தினேன்.”

“அக்கா!” என்றேன்.

“வெளிக்கிடும், தங்கச்சி,” என்றார் அக்கா. செருப்பைப் போட்டபடியே வாசலுக்குப் போய்விட்டார்.

5. சந்தை

துக்துக்கில் கூலி பேசாமலே ஏறினேன். வளைவுகளில் அக்கா என் மடியிலும் நான் அக்காவின் மடியிலும் இருந்தோம். அவர் ஒரு கையால் தாலிக்கொடியையும் மற்றக் கையால் என் காதையும் பிடித்திருந்தார். காது ஏன் என்று பிறகு கேட்டேன், கம்பி என்று நினைத்தாராம்.

11.10க்குச் சந்தை. வாழைப்பழ வரிசையின் நடுவில் வெள்ளை வேட்டி தெரிந்தது. சின்னராசா அண்ணை கவிழ்த்த பெட்டியொன்றின்மேல் இருந்தபடி குலையில் சீப்பு வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஐந்தாறு வியாபாரப் பெண்கள் நின்று கைதட்டினார்கள். ஒருத்தி கைக்குழந்தையொன்றை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“நட வாழைக்குட்டி ஒண்டு கேட்டனான்,” என்று அண்ணை எங்களைக் கண்டு ஆச்சரியமே இல்லாமல் சொன்னார். “கையாலை பெரிசைக் காட்டி, பக்கத்திலை சின்னனைக் காட்டினன். இவள் பிள்ளையைக் கொண்டுவந்திட்டாள்.”

“இஞ்சருங்கோ,” என்றார் ராசமணி அக்கா. “ஒரு மணிக்கு பஸ். எங்கை போனனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை.”

“கேக்காதபடியாத்தான் வந்த காரியம் சரிவந்தது!” என்றார் அண்ணை. பைக்குள் ஒரு வாழைக்குட்டி தலை நீட்டியது. கடைசியில் குட்டியும் கிடைத்துவிட்டது.

பத்தாம் விதியை நினைவுபடுத்தினேன்: செடியோ மண்ணோ விமானத்தில் கொண்டுவரக் கூடாது. அண்ணை குட்டியைக் குழந்தைக்காரியிடமே திருப்பிக் கொடுத்து, எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்று முழங்கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார்.

“அண்ணை, திரும்பி எப்பிடி வர நினைச்சனீங்கள்?”

“ஆற்றோரம் நடந்துதானே வந்தனான். ஆற்றோரமே நடந்து வந்திருப்பன். ஒரு மணிக்கோ நாலு மணிக்கோ தெரியாது.”

தெருவில் வாகனங்கள் அசையாமல் நின்றன. படகில் திரும்பினோம். 12.48க்கு லொபி. ஹெட் கவுண்ட் பதினான்கு.

6. பஸ்ஸில்

பஸ் வெளிக்கிட்டதும் மைக்கைப் பிடித்தேன். ஒன்பதாம் விதியைத் திரும்ப வாசித்தேன். ஒருவரும் தலையாட்டவில்லை. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்க எங்களால் ஏலாது என்பது பதினைந்து பேருக்கும் தெரிந்துவிட்டது.

ராசமணி அக்காதான் சொன்னார்: “போறதைக் கேட்டாத்தானே தங்கச்சி குற்றம்? வாறதைக் கேக்கலாமே. எந்தப் பக்கத்தாலை வாறியள், எத்தினை மணிக்கு வாறியள் எண்டு கேட்டா, அது நல்ல சொல்லுத்தானே?”

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். “நிறுவலாம்,” என்றார்.

எயார்போட்டில் வரிசையில் நின்றபோது சின்னராசா அண்ணை திடீரென்று பையைத் தூக்கிக்கொண்டு விலகினார். நான் வாய் திறக்க முதலே பதின்மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

“அண்ணை, எந்தப் பக்கத்தாலை வாறியள்?”

அண்ணை நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். “கக்கூசுப் பக்கத்தாலை,” என்றார். பிறகு தானாகவே, “பத்து நிமிசத்திலை,” என்றும் சேர்த்தார்.

எட்டு நிமிடத்தில் வந்துவிட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அந்நிய நகரத்து விதிகளைப் புத்தகத்தில் பார்த்து எழுதலாம். அதற்கு முதல் உங்கள் பக்ஸ் எதைக் கேட்கமாட்டார்கள் என்று பாருங்கள். அதற்கு ஏற்றபடி விதியைத் திருத்துங்கள். என்னுடைய ஒன்பதாம் விதி இப்போது “எந்தப் பக்கத்தாலை, எத்தினை மணிக்கு வாறியள்?” என்ற கேள்வியாகத்தான் இருக்கிறது, முதலாம் இடத்தில்.