ரப்பர் சீப்பும் ஐப்பசி மேகமும்

இரண்டாம் வகுப்போடு சிலேட்டை மூலையில் வைத்தவன் நான். நாலு மிளகுக் கொடியில் தொடங்கி, அரியூர் நாட்டில் ஒரு மலைச்சரிவையே என் பெயருக்கு ஆக்கிக்கொண்டேன். யார் தயவும் இல்லாமல் உயர்ந்தவன் என்று எங்கேயும் பேசுவேன். ஆனால் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தையில் என்னிடம் மிளகு வாங்கிய வியாபாரி பாயை நினைக்காமல் அப்படிப் பேசியதில்லை.

வெள்ளைக்காரர் காலம். கரண்டு என்ற சொல்லே மலையேறி வரவில்லை. ஒரு நாள் பாய் தம் கருப்பு ரப்பர் சீப்பால் தலையை வாரிவிட்டு, தராசருகே கிடந்த மிளகுச் சருகின்மேல் அதைப் பிடித்தார். தூள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டியது.

"பசை தடவியிருக்கீங்களா, பாய்?"

"இல்லீங்க. தேய்ச்சா ஒரு சக்தி ஏறுது, எட்ட இருந்தே இழுக்குது. மேகத்திலயும் அதேதான். மொட்டப் பாறையில நிக்கறப்ப முடி தானா நட்டுக்கிச்சுன்னா, மேகம் உங்களை இழுக்குதுன்னு அர்த்தம். பள்ளத்துல போய்க் குந்திக்குங்க."

அந்த ஐப்பசியில் பாறைக்களத்தில் சாமை காயப்போட்டிருந்தோம். மேகம் கறுக்கவே நானும் மனைவியும் அவள் அண்ணனும் அவசரமாக வாரிக்கொண்டிருந்தோம். அவள் கொண்டை அவிழ்ந்திருந்தது. காற்றே இல்லை, அந்த முடி முழுக்க மேலே எழும்பி விரிந்தது. பெண்ணின் முடி அப்படி நின்றால் சாமி வந்துவிட்டது என்பது எங்கள் மலை வழக்கம். மச்சான் தங்கையின் காலில் விழுந்தான்.

"தாயே, என்ன கொறை வெச்சோம், சொல்லு."

அவள் விழித்தாள். "ஏனுங்க, எங்கண்ணனுக்கு என்னாச்சு? எனக்கு ஒடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

என் கையும் குவிந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அப்போதுதான் அந்தச் சருகு நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு கையாக இருவரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். அன்று என்னைப் போல் பலசாலி இந்த மலையில் கிடையாது. குந்தினோமோ இல்லையோ, மின்னல் பாறையில் இறங்கியது. அவள் நின்ற இடத்தில் சாமை கருகிப் புகைந்தது.

மச்சான் பள்ளத்திலிருந்து தலையை நீட்டி அந்தப் புகையைப் பார்த்தான். "ஒரு வாக்குக் கேக்கறதுக்குள்ள இழுத்துட்டீங்களே, மாப்ள."

"வாக்குத்தானே? மூணு நாளைக்கு உனக்குச் சோறு கெடையாது, போ" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

அடுத்த சந்தைக்கு அவளே ஒரு மூட்டைச் சாமையைத் தலையில் வைத்து மலையிறங்கினாள். நடந்ததைக் கேட்ட பாய் அதை வாங்க மறுத்தார். "வர்றவங்க எல்லார்கிட்டயும் சீப்பைக் காட்டறதுதாங்க. நெனப்பு வெச்சது உங்க ஊட்டுக்காரர்."

"இவரை ஏத்தி உடாதீங்க, பாய். ஊர் தாங்காது" என்று மூட்டையை அவர் முன் இறக்கினாள்.

பாய் இருந்தவரை ஒவ்வோர் ஐப்பசிக்கும் முதல் சாமை அவருக்குத்தான் போனது. அந்த மூட்டையை மட்டும் என்னைத் தொட விடமாட்டாள், அவளே சுமப்பாள்.