சீலிங்குக்கு வந்த ஹீட்டர்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் இருநூறு வருடப் பழைய வீடொன்றில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். சட்டம் பாதுகாக்கும் வீடாம். குளிர்காற்று நுழையும் ஜன்னலை மாற்றக்கூட அனுமதியில்லை. எங்கள் கைக்குழந்தை இரவெல்லாம் இருமுவாள்.

ஒருநாள் வீட்டுக்காரர் அனுப்பிய வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். மழை ஒழுகி நனைந்திருந்த சீலிங்கைப் பார்த்தார். குழந்தையையும் பார்த்தார். மறுநாளே பெரிய ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்துக் கும்பிட்டாள்.

"பிள்ளையில எவ்வளவு இரக்கம் பாருங்கோ" என்றாள் என்னிடம்.

அந்தக் கிழமை ஏழு இரவும் குழந்தை இருமாமல் தூங்கினாள்.

பிறகு அவர் ஏணியோடு வந்தார். சீலிங்கில் சாந்தால் செய்திருந்த பழங்காலப் பூ வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினார். ஹீட்டரின் வயரைப் பிடுங்கிச் சுற்றினார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"சீலிங் காய்ஞ்சிட்டுதாம். அதுக்குத்தான் கொண்டு வந்ததாம்."

"பிள்ளைக்குக் குளிருமெண்டு சொல்லுங்கோவன்."

சொன்னேன். அவர் ஜன்னல் இடுக்கில் நாங்கள் அடைத்திருந்த துவாயை உருவி, மடித்து என் கையில் தந்தார். ஈரத்துணி பட்டால் மரம் உக்கிவிடுமாம்.

இன்றும் யாராவது கேட்காமலே உதவ வந்தால், நான் முதலில் அண்ணாந்து சீலிங்கைத்தான் பார்க்கிறேன்.