படிக்கு ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரு மிளகு சீசன் முழுக்க ஊரறியச் சண்டை போட்டார்கள் என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா மரத்தில் ஏறி நின்று கர்த்தருக்கு நன்றி சொல்வாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா உடனே பித்தளைத் தட்டில் கரண்டியால் ஒரு அடி போடுவார். அம்மா ஒரு படி மேலே ஏறி இன்னொரு நன்றி சொல்வாள். மறுபடியும் ஒரு அடி. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது சண்டையாகத் தெரியாமல் வேறு என்னவாகத் தெரியும்?

அந்த வருஷம் எங்கள் மேல் என்ன கோபத்தில் இருந்ததோ தெரியாது. ஆனி மாதம், நிழல் மரங்களில் கிளை கழிக்கப் போன அப்பா, சில்வர் மரத்தின் பாதி உயரத்திலிருந்து கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேலம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். அவர் அங்கே கிடந்தபோது இங்கே தம்பிக்கு மணல்வாரி அம்மை போட்டது. அது இறங்குவதற்குள் காற்றில் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோய்க் காப்பிச் செடிகளுக்கு நடுவே விழுந்தது. எங்களிடம் இருந்த ஒரே வெள்ளாடும் வயிறு உப்பிச் செத்தது. கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவை மாவுக்கட்டோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். எழுந்து நடக்க அடுத்த மழைக்காலம் ஆகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் கோயிலில் புது வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து நின்று, போன வருஷத்துக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யார் சொல்வது என்று கேட்க உபதேசியார் வந்தார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவே இல்லை.

"எதுக்குங்க ஸ்தோத்திரம்? கால் ஒடைஞ்சதுக்குங்களா?"

உபதேசியார் தன் குடையைப் பார்த்தார். வெளியே மழையும் இல்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் சொல்றனுங்க. தேடிப் பாத்துச் சொல்றனுங்க."

தேடிப் பார்த்தாள் போலிருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, "உசிரோட இருக்கறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் மகன் கல்யாணம், புதுப் பசு, வழக்கில் ஜெயித்தது என்று நீட்டி முழக்கியபோது எனக்கு மானமே போனது. திரும்பி வரும் வழியில் அம்மாவின் கையைப் பிடிக்காமல் தனியாக நடந்தேன்.

அடுத்த நாளே எஸ்டேட் ரைட்டர் வந்தார். கெட்டவர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் தம்பியிடம் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்துக் காட்டில் நிழல் மரங்களில் படர்ந்த மிளகு பழுக்க ஆரம்பித்துவிட்டது, அது அப்பா பறிக்கிற காடு, அதில் ஏணி ஏறுகிற குடும்பத்துக்குத்தான் இந்த வீடு. செம்மநத்தத்திலிருந்து ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் நாலு பிள்ளைகள். இவ்வளவுதான் விஷயம்.

"நான் ஏறறனுங்க" என்றாள் அம்மா.

ரைட்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் கிடந்த அப்பாதான் சிரித்தார். அதில் சந்தோஷம் ஒரு துளி இல்லை. காரணம் இருந்தது. சேலத்திலிருந்து வரும் பஸ் மலை ஏறும்போது, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அம்மா சீட்டை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். இருபது வளைவும் முடிந்து ஏரி தெரிகிறது என்று நாங்கள் தொட்டுச் சொன்னால்தான் எழுந்திருப்பாள். கண்டக்டர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும்.

"பாக்கலாம் அம்மணி. ஒரு வாரம் ஏறிப் பாருங்க" என்று ரைட்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தில் வீடு இருப்பதும் போவதும் அம்மாவின் காலில் இருந்தது.

மிளகு ஏணியைப் பார்க்காதவர்கள் அதை ஏணி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒற்றை மூங்கில். கணுவில் முளைத்த கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கியிருப்பார்கள். அந்தக் குச்சிதான் படி. ஒரு நேரத்தில் ஒரு கால்தான் வைக்க முடியும். மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் கீழே ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரையிலும், சனிக்கிழமைகளில் நாள் முழுக்கவும் அந்த வேலை எனக்கு. மற்ற நேரத்தில் கூட வேலை செய்கிற பெண்கள் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

முதல் நாள் அம்மா அப்பாவின் காக்கி கால்சட்டையைப் போட்டு, அதன்மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். காப்பி பறிக்கிற பெண்கள் துரை வருகிறார், வழி விடுங்கள் என்று கேலி செய்தார்கள். மேஸ்திரி கைகட்டிக்கொண்டு நின்றார். அம்மா இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு மூன்று படி ஏறினாள். அதற்குமேல் ஏறவில்லை. மூங்கில் என் கைக்குள் நடுங்கியது. அது மூங்கிலின் நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"எறங்கிக்குங்க அம்மா. இதென்ன உங்களால ஆவுற காரியமா" என்றார் மேஸ்திரி.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியும்படி, "மணல்வாரி வந்த புள்ளைக்குக் கண்ணு போவாம இருந்துதே, ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள்.

மரத்திலிருந்த குருவிகள் எல்லாம் பறந்துபோயின. ஒரு நொடி கழித்துப் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து டங் என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா ஒரு படி ஏறினாள்.

அந்தத் தட்டு எதற்கு அப்பாவிடம் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வேண்டுமானாலோ, புரண்டு படுக்க வேண்டுமானாலோ அவர் அதைத் தட்டினால் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்ப்பாள். விழுந்ததிலிருந்து அவருக்குக் குரலை உயர்த்திக் கூப்பிடும் தெம்பு இல்லை. ஸ்தோத்திரத்துக்கெல்லாம் தட்டு அடிக்க ஆரம்பித்த முதல் இரண்டு நாளும் அந்த அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி வந்தாள். பிறகு, ஒரே அடியானால் தனக்கில்லை, விடாமல் அடித்தால் தனக்கு என்று அவளே பிரித்துக்கொண்டாள். அவளுக்குக்கூட விளங்கியது எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் வாயை அடைக்கத்தான் அப்பா தட்டுகிறார் என்று நினைத்தேன். எதற்குங்க ஸ்தோத்திரம் என்று கேட்ட மனிதர்தானே!

ஆக, படிக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று ஆகிவிட்டது. ஒரு மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படி. ஒரு நாளைக்கு எத்தனையோ மரம். அத்தனை நன்றிக்கு எங்கள் வீட்டில் சரக்கு ஏது? மூன்றாவது மரத்திலேயே அம்மாவுக்குத் தீர்ந்துபோனது. நடுமரத்தில் நின்றுகொண்டு கீழே பார்க்காமல் கேட்டாள்.

"கண்ணு, ஏதாச்சும் சொல்லு சாமி."

"கூரைத் தகரம் யார் தலையிலயும் உளுவலம்மா!"

அம்மா அதை வாங்கி உரக்கச் சொன்னாள். டங். ஏறினாள். அன்றிலிருந்து நன்றி பொறுக்குவது என் வேலையாயிற்று. அம்மா சட்டம் வைத்திருந்தாள். சொன்னதையே சொல்லக்கூடாது, கர்த்தருக்கு ஞாபக மறதி கிடையாது. பொய் சொல்லக்கூடாது. பொத்தாம் பொதுவாகவும் சொல்லக்கூடாது, எதற்கு என்று ஒவ்வொன்றாக விவரம் வேண்டும். நான் காது, கண் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு திரிந்தேன். காட்டெருமை இரவில் லைனுக்குள் வந்து எங்கள் வாழைக்கன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு மாமா அப்பாவுக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காராமலே போனார். செத்த ஆட்டைப் பார்த்து அழுத தம்பி, ஆட்டின் மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சிரித்தான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீருவதற்கு முன் வாங்கிய கடைசி ஆள் நான். எல்லாம் மரமேறியது.

ஒரு நாள் எதுவும் கிடைக்காமல், டீச்சருக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லிவிட்டேன். அம்மா யோசிக்காமல் அதையும் பள்ளம் முழுக்கக் கேட்கும்படி கர்த்தருக்கு அறிவித்தாள். டீச்சர் குடியிருந்தது எங்களுக்கு மேல் லைனில். திங்கட்கிழமை நான் பெஞ்சு மேல் நின்றேன். அதற்கும் அம்மா ஒரு படி ஏறினாள், டீச்சருக்குக் காய்ச்சல் விட்டதே என்று.

ஒரு வாரம் போனது. ரைட்டர் வந்து ஏணி அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். செம்மநத்தத்து ஆள் வரவில்லை. ஆனாலும் அது சீசன் முடியும்வரைக்கான அனுமதிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் முடியாது என்று பாதியில் இறங்கினால் போதும், வீடு போய்விடும். இத்தனை நாள் ஏறியும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. ராத்திரி அவள் பாதத்தில் நான் வேப்பெண்ணெய் தடவிவிடும்போது உள்ளங்கால் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். காலையில் மறுபடியும் அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொள்வாள். அவளுக்கு இருந்த பிடிவாதத்தில் கால்வாசி எனக்கு வாய்த்திருந்தால் என் பாடு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்த ஒரு சனிக்கிழமை. காட்டிலேயே உயரமான மரம். அம்மா முதல் படியில் கால் வைத்துச் சத்தமாகச் சொன்னாள். பதில் இல்லை. இரண்டாவது படி. பதில் இல்லை. நான் அப்பாடா என்று நினைத்தேன், ஒருவழியாக அப்பா சண்டையை விட்டுவிட்டார். மூன்றாவது, நான்காவது படியில் அம்மாவின் குரல் தேய்ந்தது. பாதி மரத்தில் நின்றுவிட்டாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. முதல் நாள் போல மூங்கில் நடுங்கியது. மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, ஓடிப் போயி அப்பாவப் பாத்துட்டு வா."

"ஏணிய யாரு புடிப்பா?"

"நான் மரத்தப் புடிச்சுக்கறேன், நீ ஓடு!"

பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மேலே ஏறினேன். லைன் முனையில் தம்பி எதிரே வந்தான். பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டு, வாயால் உறுமிக்கொண்டு, சேலம் பஸ் ஓட்டி வந்தான். கொண்டை ஊசி வளைவில் என்னை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தான். பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கட்டிலில் அப்பா இல்லை. மாவுக்கட்டோடு தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் தரையில் கோடு இழுத்த மாதிரி இருந்தது. முழங்கை இரண்டும் உரிந்து ரத்தம். நிலைப்படியைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கக் கண்ணீரும் மண்ணும். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"உளுந்துட்டாளா?"

"இல்லப்பா, மரத்துலதான் நிக்கறாங்க. நீங்க ஏன் தட்டலைன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அவர் தலையை நிலைப்படி மேல் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு கையை நீட்டினார். நான் தட்டைக் கொடுத்தேன். கரண்டி கிடைக்கவில்லை. வாசலில் கிடந்த கல்லை எடுத்துத் தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அடி அடித்தார். என் காது அடைத்துப்போனது.

எதிர்ப்பக்கத்துக் காட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஸ்தோத்திரம் என்று மட்டும். அவ்வளவுதான். அப்புறம் அவள் மளமளவென்று ஏறுவது மரங்களுக்கு நடுவே தெரிந்தது.

அந்த சீசனில் மிளகு முழுவதும் களத்துக்கு வந்து சேர்ந்தது. வீடு எங்களுக்கே நிலைத்தது. அப்பா அடுத்த மழைக்குள் கம்பை ஊன்றி நடந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு எத்தனையோ நல்ல வருஷங்கள் வந்தன. அவற்றில் எது எந்த வருஷம் என்றுகூட எனக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தை மட்டும் கொய்யாப்பழம் உட்பட ஒப்பிப்பேன்.

அன்று அப்பாவைப் பக்கத்து லைன் ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலில் ஏற்றிவிட்டு நான் காட்டுக்குத் திரும்பியபோது, அம்மா உச்சியில் உட்கார்ந்து மிளகுக் கொத்துகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழே நின்றேன். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தானே.

"அம்மா, நீ சொன்ன அந்த ஸ்தோத்திரம் கணக்குல சேராது. எதுக்குன்னு நீ சொல்லவே இல்ல!"

அம்மா இன்னும் இரண்டு கொத்தைப் பறித்துப் பையில் போட்டாள். இலைக்குள் அவள் முகம் தெரியவில்லை. பிறகு, சொல்கிறேன் கண்ணு, சாயங்காலம் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் அவள் சொல்லவில்லை. அவள் ஏமாற்றிவிட்டாள் என்று நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.