துவக்குக் கட்டைக்கு அடிச்ச பொலிஷ்

நான் தச்சுவேலை தெரிஞ்சவன் எண்டு சொன்னது பொய். தச்சுவேலை செய்தது என்ர அண்ணா. நான் ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டிட்டு சைக்கிளில சுத்தித் திரிஞ்சதுதான். "பட்டறைக்கு வந்து நிண்டு பழகடா" எண்டு அண்ணா எத்தினையோ தரம் கேட்டவர். மரத்தூள் மூக்குக்க போகுது, தும்மல் வருகுது எண்டு சாட்டுச் சொல்லிப்போட்டு ஓடியிடுவன்.

மாசிக் கடைசியில, டென்மார்க்கில வைலே நகரத்தில நாங்கள் இருந்த வீட்டுக்கு ஊரில இருந்து கடிதம் வந்தது. வேலையால வாற வழியில, சந்தியில வச்சு அண்ணாவை ஆமிக்காரர் சுட்டுப்போட்டாங்கள். கடிதம் என்ர கைக்கு வரேக்க அவர் செத்து பதினெட்டு நாள். நான் அழேல்லை. மடிச்சு சேட்டுப் பொக்கெற்றுக்க வச்சிட்டு டேனிஷ் வகுப்புக்குப் போனன்.

அந்த வீட்டில நானும், என்னைப்போல அகதியாய் வந்த, ஊரில வங்கியில வேலைசெய்த ஒரு அண்ணையும்தான். புதன்கிழமையளில ஒரு டேனிஷ் அன்ரி வருவா, ஐம்பது வயசு இருக்கும். கொமூன எண்ட நகரசபையில இருந்து வாற கடிதங்களை வாசிச்சு விளங்கப்படுத்துவா. ஒரு புதன், ஊரில என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டா. அண்ணை வங்கி எண்டார். பிறகு அவ என்னைப் பாத்தா. ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்தது. வாயில வந்தது அண்ணான்ர வேலைதான். செத்து ஒரு மாசம் ஆகேல்லை, அவற்ற தொழிலைத் தூக்கி என்ர எண்டு சொல்லிப்போட்டன். கடிதத்தை வாசிச்சிருந்த அண்ணை நிமிர்ந்து பாத்தார்.

அன்ரி வேட்டைக்குப் போற ஆள். அடுத்த கிழமை ஒரு போர்வைக்க சுத்திக் கொண்டந்தா, துவக்கின்ர மரக்கட்டை. தோளில வைக்கிற பக்கம். இரும்பெல்லாம் கழட்டித் தன்ர வீட்டில பூட்டி வச்சிருக்கிறாவாம். கட்டை முழுக்கக் கீறல், ரெண்டு இடத்தில அடிபட்டுப் பள்ளம். "வைகாசியில மான் வேட்டை துவங்குது. அதுக்கு முதல் புதுசாக்கித் தருவியோ?" ஓம் எண்டன்.

அவ போனதும் அண்ணை துவங்கினார். "துவக்கை வீட்டுக்க கொண்டந்து வச்சிருக்கிறாய்."

"துவக்கில்லை அண்ணை, கட்டைதான்."

"ஓ, கட்டை. அப்ப உன்ர கொண்ணரைச் சுட்டது தனி இரும்போ?"

பகிடியாய்த்தான் துவங்கினவர். சொல்லி முடியேக்க அவருக்கே முகம் மாறிட்டுது. "தேத்தண்ணி போடட்டே?" எண்டு எழும்பிப் போயிட்டார்.

குசினி நிலத்தில பேப்பர் விரிச்சு, மண்கடதாசி போட்டுத் தேய்ச்சன். பள்ளத்துக்கு ஈரத்துணி வச்சு மேல அயன் பொக்ஸால அமத்தினன். அண்ணா ஒரு கதவுக்கு அப்பிடிச் செய்ததை ஒருக்காப் பாத்தனான். ஆவி போய், பள்ளம் மெல்ல மெல்ல மேல வந்திட்டுது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பெயின்ற் கடையில அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்கிக் கரைச்சு, துணியை உருட்டி, பத்துப் பதினொரு நாள் பொலிஷ் அடிச்சன். எங்கட ஊரில நல்ல மரவேலை எண்டா மினுங்கவேணும், கலியாண அலுமாரியில முகம் தெரியவேணும். நான் கண்டது அதுதான்.

கடைசி நாள், அண்ணை இல்லாத நேரம், கண்ணாடிக்கு முன்னால நிண்டு கட்டையைத் தோளில வச்சுப் பாத்தன். கன்னத்துக்கு அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்தது. நல்லாய் இருந்தது, அதை நான் ஒளிக்கேலாது. அண்ணாவைச் சுட்டவனும் இப்பிடித்தான் கன்னத்தை வச்சிருப்பான் எண்டு நினைச்சன். நினைச்சும் உடன இறக்கேல்லை.

புதன்கிழமை அன்ரி கட்டையை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாத்தா. சிரிச்சா. "பியானோ மாதிரி இருக்கு. மான் இதில தன்ர முகத்தைப் பாத்திட்டு ஓடப்போகுது." பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டுக் குரலைக் குறைச்சு, மழை பட்டா இது வெள்ளையாய்ப் பூத்திடும், இஞ்ச துவக்குக்கு எண்ணெய்தான் பூசுறது எண்டா. "ஆனா வடிவாய்ச் செய்திருக்கிறாய். ஆர் பழக்கினது?"

"அண்ணா."

"கெட்டிக்காரன். இப்பவும் வேலை செய்யிறாரோ?"

"ஓம்."

செத்திட்டார் எண்டு சொன்னா, என்ர பிழையை மறைக்க அவற்ற சாவைக் காட்டினமாதிரி இருக்கும் எண்டு நினைச்சன். இல்லாட்டி, அவர் உயிரோட இருக்கிறார் எண்டு ஒராளாவது நம்பட்டும் எண்டு நினைச்சனோ, தெரியேல்லை.

"அப்ப அவருக்கு எழுதிக் கேள், மழையில நனையிற மரத்துக்கு என்ன பூசுறவர் எண்டு. பதில் வருமட்டும் கட்டை உன்னட்டைக் கிடக்கட்டும்."

குசினியில கோப்பை கழுவிக்கொண்டிருந்த அண்ணை தண்ணியை நிப்பாட்டினார். அவ போனபிறகு, "எந்த விலாசத்துக்கு எழுதப்போறாய்?" எண்டு கேட்டார்.

ஒவ்வொரு புதனும் அன்ரி கேட்டா, பதில் வந்ததோ எண்டு. இல்லை எண்டன். மூண்டாந்தரம் அவ மரத்தைப்பற்றிக் கேக்கேல்லை. ரீவியில எங்கட நாட்டுச் சண்டையைக் காட்டினவங்களாம். "அண்ணாவுக்கு ஆபத்தோ? அவரை இஞ்ச எடுக்க ஏதும் வழி இருக்கோ எண்டு நான் கேட்டுப் பாக்கிறன். பேரைச் சொல்லு" எண்டு பேனையைத் திறந்தா.

அண்ணை தமிழில சொன்னார், "இப்ப நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

நான் பேரைச் சொன்னன். அவ ஒவ்வொரு எழுத்தாய்க் கேட்டு எழுதினா. பிறந்த வருசம் கேட்டா. அப்பதான் செத்திட்டார் எண்டன். எப்ப எண்டா. மாசியில. அவ பேனையை வச்சிட்டு, தான் கட்டை கொண்டந்த நாளை எண்ணிப் பாக்கிறது முகத்தில தெரிஞ்சது. எனக்குத் தச்சுவேலை தெரியாது எண்டதையும் சேத்துச் சொன்னன்.

கட்டை பிறகு சரியாய்த்தான் போச்சு. ஸ்பிரிட் போட்டு எல்லாத்தையும் துடைச்சுக் குடுத்தன், எண்ணெய் அவவே பூசி வேட்டைக்குக் கொண்டுபோனா. நான் வெக்கப்படுறது அதுக்கில்லை.

அண்டைக்கு எல்லாம் சொல்லி முடிச்சதும் எனக்கு அழுகை வந்திட்டுது. விக்கி விக்கி அழுதன். அன்ரி எழும்பி வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. "அழு, அழு, உன்ர அண்ணாவெல்லே" எண்டா. அவவின்ர கண்ணும் கலங்கிப்போச்சு. நான் அழுதது அண்ணாவுக்காக இல்லை. பிடிபட்டுப்போனதுக்கு. இது அதுக்கில்லை அன்ரி எண்டு சொல்லுற அளவுக்கு அப்ப எனக்கு டேனிஷ் தெரியும். கையை அவ பிடிச்சிருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.