மோட்டாருக்குக் கட்டிய மஞ்சள் வேட்டி

சிதம்பரத்திலிருந்து கடலூரில் உள்ள கெமிக்கல் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. சாமி கும்பிடாமல் வீட்டுப் படி தாண்டியதில்லை. அந்த வேலைக்குப் போகிறவன் அப்படித்தான் இருக்க முடியும்.

எங்கள் பிளாண்டில் ஈதர் என்னும் திரவத்தைப் பம்பு வைத்து ஏற்றுகிறோம். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தரையாகப் பரவும். பற்றிக்கொள்ள அதற்கு நெருப்பே வேண்டாம், நன்றாகச் சுட்ட இரும்பு போதும். அதனால்தான் அங்குள்ள மோட்டாரின் வெளிப்பக்கம் எவ்வளவு சூடாகலாம் என்று அதன் தகட்டிலேயே அடித்திருப்பார்கள். எங்கள் மோட்டாரில் இருப்பது ‘டி ஃபோர்’. நூற்று முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். பயிற்சியில் இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். கற்பூரம் கேட்டுக்கு வெளியேதான். உள்ளே மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், அவ்வளவுதான். போன பூஜைக்கு மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். என் மனைவியின் தம்பியும் அதே பிளாண்டில் வேலை. எனக்கு முன்னமே வந்து பம்பை ஓட்டிவிட்டிருந்தான்.

உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மோட்டாரை மஞ்சள் வேட்டியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. பின்னால் காற்று இழுக்கிற ஃபேன் மூடியின்மேல் கனமான சாமந்தி மாலை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னடா இது?”

“கண்ணு பட்டிருக்கு மாமா. போன மாசம் ரெண்டு வாட்டி நின்னுபோச்சில்ல? அதான் சாமிக்குச் சாத்துன வேட்டிய வாங்கியாந்து கட்டுனேன். இனிமே பாருங்க, குதிர மாதிரி ஓடும்.”

“காத்து எப்பிடிடா போவும்? சூடு எங்க எறங்கும்?”

“வாரா வாரம் திருவந்திபுரம் கோயிலுக்குப் போறவரு, சாமி துணியப் பாத்துப் பயப்படுறாரு!” என்று சிரித்தான்.

சாமந்தி மாலையில் மோட்டாரை ஒட்டியிருந்த பூவெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. அதோடு மூக்கில் லேசாக இனிப்பு வாடை. பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற ‘சீல்’ வழியே ஈதர் கசிகிறது. அவனுக்கும் வாடை எட்டியிருக்க வேண்டும். முகம் மாறியது. சட்டென்று வேட்டியை உருவக் கையை நீட்டினான்.

“தொடாதடா!” என்று கையைப் பிடித்தேன். அது பாலியெஸ்டர். உருவுகிற உரசலில் பொறி பறந்தால் போதும், முடிந்தது. அவன் பெண் குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அவன் அக்காவிடம் நான் என்ன சொல்வேன்?

ஸ்டாப் பட்டனின் பெட்டியும் உள்ளே எழுகிற பொறி வெளியே வராதபடி செய்ததுதான். தெரியும். தெரிந்தும் “தேவநாதா” என்று திருவந்திபுரத்துச் சாமியைக் கூப்பிட்டேன். அமுக்கினேன். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. இருவரும் வெளியே ஓடினோம்.

நான் சொன்னதும் சூப்பர்வைசர் எல்லோரையும் கம்பெனி கேட் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். வெயிலில் நின்றோம். ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் பிளாண்டைத் திரும்பிப் பார்த்தோம். அவன் தலை நிமிரவில்லை.

“மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

“மொதல்ல வீடு போய்ச் சேருவோம்டா.”

மோட்டார் ஆறியபின் ஆவி பார்க்கிற மீட்டரோடு ஆட்கள் போனார்கள். பம்பில் கசிந்த சீலுக்குப் பதில் புதிது போட்டார்கள். வேட்டியைத் தண்ணீரில் நனைத்து வெட்டி எடுத்தார்கள். உள்சுற்று பழுப்பேறி உருகி, மொடமொடவென்று இருந்தது. அதைக் கும்பிடுவதா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

மீட்டரை இன்னொரு முறை காட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, ஓட்டுங்க” என்றார் சூப்பர்வைசர்.

ஸ்டார்ட் பட்டனில் விரலை வைத்தேன். மோட்டார் வெறுமையாக, சுத்தமாக நின்றது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் விரல் இறங்கவில்லை.

“நான் அமுக்கட்டுமா மாமா?” வாசலில் நின்று கேட்டான்.

“நீ வெளிய போடா.”

போகவில்லை. வந்து என் தோளை ஒட்டி நின்றான். கண்ணை மூடி அமுக்கினேன்.

மோட்டார் ஓடியது. ஷிப்ட் முடிகிறவரை இருவரும் அதை விட்டு நகரவில்லை.